பள்ளிக்கூடத்தில் சாப்பாடு குடுக்கினம்

பத்து வயதில் அப்பா அம்மாவுக்கு டொச் மொழிக் கடிதம் வாசித்துச் சொன்னவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கலியாண வீடுகளில் நாங்கள் ஒரே மேசையில் இருந்தால் இந்தக் கதைதான் வரும். ஒருவர், அம்மாவின் வருத்தத்தை டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழித்ததைச் சொல்லுவார். இன்னொருவர், வீட்டுக்காரனின் ஏச்சைப் பாதியாகக் குறைத்து அப்பாவுக்குச் சொன்னதைச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். என்னுடைய முறை வரும்போது மட்டும் எழும்பிப்போய்த் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வருவேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதாகிவிட்டது. இனியும் தேத்தண்ணிக்குப் போகமுடியாது.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது எனக்கு எட்டு வயது. பிறகு வுப்பர்டால். ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் ஓடுகிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இரண்டு அறை. இரண்டு வருடத்துக்குள் நான் டொச்சில், ஜெர்மன் மொழியில், கனவு காணத் தொடங்கிவிட்டேன். அப்பாவுக்கு அவர் கோப்பை கழுவிய ரெஸ்ரோரண்ட் குசினியின் சொற்கள்தான் தெரியும். தட்டு, சட்டி, சூடு, கவனம், கெதியாய். அம்மாவுக்கு அதுவும் இல்லை. தம்பி கைக்குழந்தை.

அதனால் கடிதம் என்றால் நான்தான். அப்பா முதலில் மேசையைத் துடைப்பார், ஈரம் காயும்வரை நிற்பார். பிறகு கடிதத்தைக் கத்தியால் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, "வாசி பிள்ளை" என்பார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவடியில் நிற்பா. நான் வாசித்து முடிக்கும்வரை இருவரும் கடிதத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு விளங்காத சொல் வந்தால்கூட முகத்தைச் சுளிக்கக்கூடாது என்று அப்போதே பழகிக்கொண்டேன். சுளித்தால் அம்மா அழத் தொடங்கிவிடுவா.

எல்லாக் கடிதத்திலும் பயமானது மஞ்சள் உறை. அது அகதி வழக்குச் சம்பந்தமாக வருவது. அப்பாவின் வழக்கு அந்த வருட முடிவில் விசாரணைக்கு வரும் என்று அப்படியொரு உறைதான் சொல்லியிருந்தது. கீழ்வீட்டில் ஒரு அண்ணை இருந்தார். எங்களுக்கு முன்னம் வந்தவர், எல்லாம் தெரிந்தவர் என்று பெயர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒருநாள் அப்பாவுக்குச் சொன்னார்:

"கவனமாய் இருங்கோ. ரிக்கெற் இல்லாமல் ரயிலில பிடிபட்டாலும் பைலில எழுதுவாங்கள். ஆருக்கும் குடுக்கவேண்டிய ஒரு சதத்தைக் குடுக்காமல் விட்டாலும் எழுதுவாங்கள். கேஸ் கூப்பிடேக்க எல்லாம் நீதவானுக்கு முன்னால வரும்."

அப்பா தலையாட்டினார். நான் தம்பிக்குப் பால் பருக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு எனக்கானதில்லை. ஆனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது நான்தான்.

அந்த ஆவணி கழிந்து ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனேன். பின்னேரம் நாலு மணிவரை பள்ளி. மத்தியானம் மென்சா என்கிற சாப்பாட்டு மண்டபத்தில் சாப்பிடலாம், அல்லது வீட்டிலிருந்து பாண் கொண்டுபோகலாம். பாண் கொண்டுவருகிற பிள்ளைகள் நடைபாதை வாங்கில் இருந்து சாப்பிடவேண்டும். மொத்தம் நாலைந்து பேர்தான். எனக்குப் பக்கத்துக் கதிரைப் பிள்ளை மென்சாவுக்குப் போகிறாள். அவளோடுதான் எனக்குச் சிநேகிதம் பிடிக்கவேண்டும்.

பள்ளிக்கூடம் தந்த பத்திரத்தை மேசையில் வைத்தபோது அப்பா கேட்டார், "என்னவாம்?"

"பள்ளிக்கூடத்தில சாப்பாடு குடுக்கினம் அப்பா. இதில கையெழுத்து வைக்கவேணும்."

சொன்னதில் பொய் இல்லை. சாப்பாடு குடுக்கத்தான் செய்தார்கள். மாதாமாதம் காசு கட்டவேண்டும் என்ற வரியை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கிழமைதான் அம்மாவுக்குக் குளிர்கோட்டு வாங்குவதா, ஊருக்குக் காசு அனுப்புவதா என்று இருவரும் கதைத்து, கோட்டு வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். பத்திரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதில் எனக்குத் தெரியாத நீளமான சொல் ஒன்று. வருமானம் குறைந்தவர்கள் விண்ணப்பித்தால் காசில் பெரும்பகுதி கழியும் என்பது அதன் அர்த்தம் என்று பிறகுதான் அறிந்தேன். அகராதியில் பார்த்திருக்கலாம். பார்த்தால் அப்பா ஏன் என்று கேட்பார். விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு நம்பமுடியாத சந்தோஷம். "பாத்தியே, ஊர் பேர் தெரியாத சனத்தின்ர பிள்ளையளுக்கும் சோறு போடுறாங்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். கீழ்வீட்டு அண்ணையிடமும் போய்ச் சொன்னார். ரெஸ்ரோரண்டில் யாரிடமோ கையாலும் காலாலும் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்தார்களாம். ஏன் சிரித்தார்கள் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

மென்சாவில் முதல்நாள் பாலில் அவித்த சோறு. எங்கள் புக்கைபோலவே இருந்தது, ஆனால் மேலே சிவப்புச் செர்ரிப்பழம். பெரிய சில்வர் அண்டாவிலிருந்து மின்ட் தேத்தண்ணி. ஆளுக்கொரு கடதாசி அட்டை தந்தார்கள். முதல் மாதம் ஆரஞ்சு நிறம். பரிமாறும் இடத்தில் நிற்கிற குசினி மனுசி ஒவ்வொரு நாளும் அந்த அட்டையில் குறடுபோன்ற ஒன்றால் ஒரு ஓட்டை போடுவா. பருத்த உடம்பு, முழங்கைவரை சிவந்த கைகள். வெந்நீரில் சிவந்த கை. அப்பாவின் கையும் அப்படித்தான் இருக்கும். ஓட்டை விழும்போது சின்ன ஆரஞ்சு வட்டம் ஒன்று கீழே விழும். நான் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் தெரியாது.

அடுத்த மாதம் எல்லாருக்கும் பச்சை அட்டை வந்தது. எனக்கு வரவில்லை.

முதல்நாள் வரிசையில் நிற்கும்போது என் காது இரண்டும் எரிந்தன. முன்னால் பச்சை, பின்னால் பச்சை. குசினி மனுசி என் ஆரஞ்சு அட்டையை வாங்கிப் பார்த்தா. என்னையும் பார்த்தா. பழைய ஓட்டைகளுக்கு நடுவில் இடம் தேடி ஒன்று போட்டுத் திருப்பித் தந்தா. அடுத்த நாளும் அப்படியே. அட்டை சல்லடைபோல் ஆகிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமையே தபாலில் கடிதம் வந்தது. அப்பா மேசையைத் துடைத்தார். கத்தியால் பிரித்தார்.

"என்னவாம் பிள்ளை?"

சாப்பாட்டுக் காசு வந்து சேரவில்லை, தயவுசெய்து கட்டவும் என்று இருந்தது. மூன்றே வரி. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அம்மா கதவடியில் நின்றா.

"சாப்பாட்டைப் பற்றி… எனக்கு என்ன பிடிக்கும் எண்டு கேக்கினம்."

"என்ன பிடிக்கும் எண்டும் கேக்கினமோ!" அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "எழுது பிள்ளை. எல்லாம் பிடிக்கும், மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் எண்டு வடிவாய் எழுது. நான் கையெழுத்து வைக்கிறன்."

நான் எழுதினேன். மதிப்புக்குரிய அம்மையீர், ஐயா, என்று தொடங்கி. அப்பா தன் முழுப்பெயரையும் எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்தார். அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். காசு கேட்டவர்களுக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்று பதில் போனது. வாசித்தவர்கள் எங்களைப்பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் சில வேளை குளிக்கும்போது நினைவு வந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

இரண்டாவது கடிதத்தை வகுப்பு ரீச்சர் என் கையிலேயே தந்தார். இதற்கு மானுங் என்று தலைப்பு இருந்தது. எச்சரிக்கை மாதிரி ஒன்று. அதை அலுமாரியின் கீழே இழுத்துத் திறக்கிற என் உடுப்பு லாச்சியின் அடியில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே வைத்தேன். மூன்றாவதையும் அங்கேதான் வைத்தேன். அம்மா என் உடுப்பை மடித்து வைக்க லாச்சியை இழுக்கிற சத்தம் கேட்டால் நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து, "நான் வைக்கிறன் அம்மா" என்பேன். "என்ர பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று அம்மா தலையைத் தடவுவா.

பிறகு ஒருநாள் அட்டையில் இடமே இல்லாமல் போனது. குசினி மனுசி திருப்பித் திருப்பிப் பார்த்தா. அட்டையை வாங்கித் தன் லாச்சிக்குள் போட்டுவிட்டு, "பரவாயில்லை, போய்ச் சாப்பிடு" என்றா.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு யோசித்தேன். நான் சாப்பிடச் சாப்பிடத்தானே கடன் ஏறுகிறது. சாப்பிடாமல் விட்டால் நின்றுவிடும். நீதவான் கேட்டாலும் கொஞ்சம்தானே என்று சொல்லலாம். காசு நாளுக்கல்ல, மாதத்துக்குக் கணக்கு, நான் சாப்பிட்டாலும் விட்டாலும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியாது.

மென்சாவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கோட்டுக் கொழுவுகிற நீண்ட இடம் ஒன்று உண்டு. மணி அடித்ததும் அதற்குள் போய், இரண்டு பெரிய கோட்டுகளுக்கு நடுவில் நிலத்தில் குந்திக்கொள்வேன். நனைந்த கம்பளி மணம், யாரோ ஒருவரின் பையில் அழுகிப்போன வாழைப்பழ மணம். சுவருக்கு அந்தப்பக்கம் கரண்டிச் சத்தம். உருளைக்கிழங்கு பொரிக்கிற நாளில் வாயில் ஊறுகிற எச்சிலை விழுங்கி விழுங்கியே வயிறு நிறையப் பார்ப்பேன். சிநேகிதியிடம் எனக்கு வயிற்றுநோ என்று சொல்லியிருந்தேன். சில நாளில் அவள் வேறொருத்தியோடு போய் இருக்கத் தொடங்கினாள். யாரோடு இருப்பதற்காக இதெல்லாம் செய்தேனோ, அவளும் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே சோற்றை அள்ளிப் போடுவேன். "வளர்ற பிள்ளை" என்று அம்மா இன்னும் போடுவா.

நான் மத்தியானத்தில் சாப்பிடுவதில்லை என்று வகுப்பு ரீச்சருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நல்ல மனுசி அவர். அதில்தான் பிரச்சினையே. மாட்டிறைச்சிக் கடிதத்தை அவர் வாசித்திருந்தார். பிள்ளை சாப்பிடவில்லை, எனவே இது சமய விஷயம் என்று தானே முடிவு செய்துவிட்டார். உன் வீட்டுக்கு வந்து பெற்றோரோடு பேசவேண்டும், ஒரு ரெர்மின், வரக்கூடிய நாள் நேரம், சொல்லு என்றார். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்குச் சுகமில்லை, தம்பிக்குக் காய்ச்சல் என்று மூன்று கிழமை தள்ளினேன். நாலாவது கிழமை ரீச்சரே ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிட்டார்.

ரீச்சர் வீட்டுக்கு வருகிறா என்றதும் அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. விடிய எழும்பிச் சமைத்தா. சனிக்கிழமை என்பதால் எல்லாம் மரக்கறி. கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, அப்பளம், பாயசம். அப்பா தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு படியிலேயே போய் நின்றார்.

"வாங்கோ வாங்கோ, இருங்கோ" என்று அம்மா தமிழிலேயே வரவேற்றா. ரீச்சர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழம்பிப்போனார் என்று தெரிந்தது. நான் மூவருக்கும் நடுவில் ஒரு குட்டிக் கதிரையில் இருந்தேன்.

ரீச்சர் மெல்லச் சொன்னார். "அப்பாவிடம் சொல்லு. நீ மத்தியானத்தில் சாப்பிடுவதில்லை. உங்கள் சமயத்தில் இது விரதமா? அப்படியென்றால் அதை நாங்கள் மதிக்கிறோம். தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "நான் நல்லாப் படிக்கிறனாம். கணக்கில மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேணுமாம்."

"ஓம் ஓம், கணக்கு எனக்கும் வராது எண்டு சொல்லு" என்று அப்பா சிரித்தார்.

நான் ரீச்சரிடம் சொன்னேன், "விரதம்தானாம். பெரிய விரதமாம்."

"ஆனால் இன்று?" அவர் வடையைக் காட்டினார்.

"சனிக்கிழமையில் விரதம் இல்லையாம்."

ரீச்சர் அதை ஒரு கொப்பியில் எழுதினார். உண்மையாகவே எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்றும் இருக்கிறது. சாப்பாட்டுக் காசு. தொடக்கத்திலிருந்தே கட்டவில்லை. நத்தார் விடுமுறைக்கு முன்னம் கட்டாவிட்டால் இது நகரசபைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எங்கள் கையில் இல்லை."

நகரசபை. எனக்கு நீதவான், நகரசபை, மஞ்சள் உறை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

"என்னவாம் பிள்ளை?" அம்மா கேட்டா.

"உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேக்கிறா."

அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "சொல்லு பிள்ளை. என்ர பிள்ளைக்கு அவையள் போடுற சாப்பாட்டுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன். இந்தக் கடனை ஒருநாளும் மறக்கமாட்டன். எப்பிடியும் தீர்ப்பன் எண்டு சொல்லு."

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அந்த வருடத்தில் நான் பிசகில்லாமல் மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான்.

ரீச்சரின் முகம் தெளிந்தது. எழும்பி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவும் விடாமல் குலுக்கினார். அம்மா கண்ணைத் துடைத்தா. மூவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். நான் எழும்பிப்போய்க் குளியலறையில் வடையை வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ரீச்சர் கேட்பார், "அப்பா காசு அனுப்பிவிட்டாரா?" நாளைக்கு என்பேன். நத்தார் அலங்காரங்கள் ஒவ்வொன்றாய்ச் சன்னல்களில் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புதிய விளக்கும் எனக்கு ஒரு நாள் போய்விட்டதையே சொன்னது. ஒருமுறை என் காதுத் தோட்டைக் கழற்றி, எங்கே விற்பது என்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

விசாரணைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அப்பா பழைய உடுப்புக் கடையில் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் வாங்கியிருந்தார். அம்மா கைமடிப்பைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தா. எங்கள் வீட்டுக்கு வந்து ரீச்சர் மரியாதை செய்திருக்கிறா, பதிலுக்கு நாங்களும் போகாமல் விட்டால் அழகில்லை என்று அப்பா நினைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சந்தோஷப்படுத்தவாம்.

அன்று நான் வழக்கம்போலக் கோட்டுகளுக்கு நடுவில் இருந்தேன். கோட்டுகளின் கீழ்விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையில் நடைபாதை தெரியும். சப்பாத்துகள் போகும், வரும். எனக்குத் தெரிந்த ஒரு சோடி சப்பாத்துப் போனது. இடது குதி ஒருபக்கம் தேய்ந்தது. மேலே சாம்பல் நிறக் காற்சட்டை.

அவை மென்சாப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்தேன். பிறகு ஊர்ந்துபோய் மென்சாவின் கண்ணாடிக் கதவால் பார்த்தேன்.

அப்பா கையில் அம்மா சுட்ட பயத்தம் பணியாரம் வைத்த தகர ரின்னோடு நடுவில் நின்றார். ஒவ்வொரு மேசையாய்ப் பார்த்தார். சிரித்தபடியே பார்த்தார். கடைசி மேசைவரை பார்த்து முடித்தபின் சிரிப்புக் குறைந்தது. பிள்ளைகள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். அவர் பரிமாறும் இடத்துக்குப் போய்க் குசினி மனுசியிடம் ரின்னை நீட்டினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. கேட்டது.

"என் மகள். இங்கே சாப்பாடு. நன்றி. நிறைய நன்றி."

குசினி மனுசி என் பெயரைச் சொல்லிக் கேட்டா. அப்பா தலையாட்டினார். அவ கரண்டியை வைத்தா.

"சாப்பிடுவதில்லை. நிறைய நாளாய். சாப்பிடுவதில்லை." கையால் வாயைக் காட்டி, இல்லை என்று அசைத்தா. அப்பா தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்து மறுபடி சிரித்தார். குசினி மனுசி லாச்சியைத் திறந்து அந்த ஆரஞ்சு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தா. பிறகு ஒரு சொல் சொன்னா. பெட்சால்ட். கட்டியாயிற்று. ரெஸ்ரோரண்டில் ஒவ்வொரு பில்லின்மேலும் குத்துகிற முத்திரை அது. அப்பாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் அவ இல்லை என்று சேர்த்தா. கட்டவில்லை.

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இல்லாமலே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே விளங்கியது அவர்களுக்கு.

பிறகு அப்பா கோட்டைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டார். கைமடிப்பை மேலே உருட்டிக்கொண்டு நேரே உள்ளே தொட்டியடிக்குப் போனார். அங்கே பெரிய சட்டிகள் குவிந்து கிடந்தன. குசினி மனுசி ஓடிப்போய் முன்னால் நின்று மறித்தா. "முடியாது. அனுமதியில்லை." அனுமதியில்லை என்ற சொல் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். உருட்டிய கையோடு அப்படியே நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது அப்போதுதான்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்து, "இதில இரு" என்றார்.

குசினி மனுசி இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தா. அவித்த முட்டை, மேலே மஞ்சளாய்க் கடுகுக் குழம்பு, உருளைக்கிழங்கு. நான் சாப்பிட்டேன். வெட்கத்தோடுதான், ஆனால் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானும் ஒரு முட்டையை இரண்டாய் வெட்டினார். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் அவர் முழங்கால்கள் மேசைக்கு மேலே தெரிந்தன.

திரும்பிப் போகும்போது தொங்கு ரயிலில் நாலு தரிப்பு கடந்தது. பிறகு அப்பா கேட்டார்.

"இவ்வளவு நாளும் மத்தியானத்தில எங்க இருந்தனீ?"

"கோட்டுக் கொழுவுற இடத்தில."

"குளிரேல்லையோ?"

"இல்லை. கோட்டுக்குள்ள சூடு."

அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. என்னால் அடக்கமுடியவில்லை. "நீதவானுக்குத் தெரிஞ்சிட்டுதோ அப்பா? எங்களை அனுப்பிப்போடுவினமோ?"

"ஆர் சொன்னது?"

"கீழ்வீட்டு அண்ணை."

"அவனுக்கு என்ன தெரியும்" என்றார். உடனே சொன்னார். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்துப்போய் இருந்தது. அவருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நாளும் பயந்தது நான் மட்டுமில்லை என்பதும்.

வீட்டுக்குப் போனதும் லாச்சிக் கடதாசிக்கு அடியிலிருந்து கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். அப்பா மேசையைத் துடைக்கவில்லை. வாசி என்றும் சொல்லவில்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அடுத்தநாள் கீழ்வீட்டு அண்ணையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனார். நான் வகுப்பில் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

அங்கே நடந்ததை அம்மா மூலமாகத்தான் துண்டுதுண்டாய் அறிந்தேன். எங்கள் வருமானத்துக்குத் தொடக்கத்திலேயே அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டிருந்தால் சாப்பாட்டுக்கு மிகக் கொஞ்சம்தான் கட்டியிருக்கவேண்டும். அந்தச் சின்ன எழுத்து வரி அதுதான். விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். பழைய கடன்? பெற்றோர் சிலர் கோடை விழாவில் கேக் விற்றுச் சேர்த்த காசு ஒரு கணக்கில் இருந்ததாம். இப்படித் தவறிப்போன பிள்ளைகளுக்காகவே. அதில் கேட்டுப் பார்க்கிறோம் என்றார்களாம். "ஆர் குடுக்கினம் எண்டு பேரைச் சொல்லுங்கோ, போய்க் கண்டு கதைக்கவேணும்" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டாராம். கொடுக்கிறவர்களின் பெயர் வெளியே வராது, வாங்குகிறவரின் பெயர் அவர்களுக்கும் தெரியாது என்றாராம் அலுவலக மனுசி. அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. கொஞ்ச நாள் பள்ளிக்கூட வாசலில் தெரிகிற எல்லாருக்கும் தலைகுனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெயரில்லாமைதான் என்னை வகுப்பில் நிமிர்ந்து இருக்கவைத்தது என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கும் அது விளங்கவில்லை.

ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். விரதமா என்று கேட்டார், பசிக்கிறதா என்று கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னை நம்பியதுதான் அவர் செய்த பிழை.

விசாரணையில் சாப்பாட்டைப்பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முடிவு வரப் பல மாதம் ஆனது. எங்களை இருக்கவிட்டார்கள்.

ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு அப்பா எனக்குக் கடிதம் தரவில்லை. கீழ்வீட்டு அண்ணையிடம் கொண்டுபோனார். வேலை இல்லாத நாளில் டொச் வகுப்பு ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். மேசையில் அகராதியோடு தானே இருப்பார். நான் பக்கத்தில் போனால் கடிதத்தை மூடிவிடுவார். இனி என்னை நம்பமாட்டார், இதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்தேன். நினைத்து அழுதேன்கூட. எனக்கென்று ஒரு மகள் பிறந்து, அவளுக்குப் பத்து வயதாகி, ஒரு வங்கிக் கடிதத்தைச் சும்மா எடுத்துப் பார்த்து "இது என்ன அம்மா?" என்று கேட்டபோது நான் சட்டென்று அதைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய கையோடு நின்றபோதுதான் அப்பா என்ன செய்தார் என்று விளங்கியது.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்தது. பின்னேர வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாய்ச் சத்தமாய் வாசித்தார். கடைசி வரியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

"எர்… லே… டிக்ட்."

எனக்கு அந்தச் சொல் தெரியும். வாய்வரை வந்துவிட்டது. அம்மா கதவடியில் நின்று, பேசாதே என்று கண்ணைக் காட்டினா. நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். அப்பா அகராதியின் பக்கங்களைப் புரட்டினார். தாண்டிப் போனார். திரும்பி வந்தார். அகராதி டொச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அவரே வரவேண்டும். உதடுகளை அசைத்துப் பார்த்தார்.

"முடிஞ்சுதாம்" என்றார். "கணக்கு முடிஞ்சுதாம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. அப்பா கடிதத்தை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார். நான் இன்னும் அங்கேயே இருப்பதை அப்போதுதான் கண்டவர்போல என்னைப் பார்த்தார்.

"ஏன் இதில இருக்கிறாய்? நீ போய் விளையாடு பிள்ளை."

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி முற்றத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிலத்தில் சோக்கால் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். வாறியா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லாமல், என் முறை வரும்வரை, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.